நாமி பேசிக்ஸ்

மனநலப் பாதிப்புள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக அமெரிக்காவில் நடத்தப்படும் இலவசப் பயிற்சி வகுப்பு நாமி பேசிக்ஸ். 22 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய் தந்தையர், தாத்தா பாட்டிமார், வளர்ப்புப் பெற்றோர் ஆகியோர் இதில் சேரலாம். மருத்துவர் இன்ன நோய் என்று உறுதிசெய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மொத்தம் 6 வகுப்புகள். அவற்றை நடத்துபவர்கள், இதே பாதிப்புள்ள பிள்ளையை வளர்த்த அனுபவமும் அதற்குமேல் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவர்கள். திட்டத்தின் உயிர்நாடி இந்த ஏற்பாடுதான்.

பிறருக்குக் கற்பிக்கும் இந்த இடத்துக்கு அமெரிக்கப் பெற்றோர் எளிதில் வந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு உளநல நிபுணர்கள் பலர், பிள்ளையின் நோய்க்குத் தாயையே காரணம் காட்டினார்கள். தாயின் நடத்தையே மனச்சிதைவு நோயை உண்டாக்குகிறது என்ற கருத்தை 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் முன்வைத்தார். ஆட்டிசத்துக்கும் தாயின் பாசமின்மையே காரணம் என்ற எண்ணத்தை புரூனோ பெட்டல்ஹைமின் 1967ஆம் ஆண்டு நூல் பரப்பியது. பின்னாளில் இவை ஆதாரமற்றவை என்று கைவிடப்பட்டன. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்துவிட்டார்கள். அந்தக் காலத்திலேயே இந்தியாவில் வேறு விதமான முயற்சி நடந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைக் கடைப்பிடித்தது.

மனச்சிதைவு நோயுள்ள மகன்களின் தாய்மாரான ஹாரியட் ஷெட்லர், பெவர்லி யங் ஆகிய இருவரின் சந்திப்பிலிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மேடிசனில் ஒரு பெற்றோர் குழு வளர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1979இல் நாமி என்ற தேசிய அமைப்பு உருவானது. 1991இல் உளவியலாளர் ஜாய்ஸ் பர்லண்ட், ஒரு குடும்பத்தார் இன்னொரு குடும்பத்தாருக்குக் கற்பிக்கும் 12 வார வகுப்பை வடிவமைத்தார். அது வயதுவந்த நோயாளிகளின் குடும்பங்களுக்கானது. சிறுவர்களின் நிலை வேறு. வளர வளர அறிகுறிகள் மாறும், நோயின் பெயரும் மாறும், பள்ளிக்கூடம் இருக்கிறது, கவனிப்புக் குறைந்து ஏங்கும் உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். பேசிக்ஸ் இவற்றுக்காகத் தனியே வகுக்கப்பட்டது.

பெற்றோரின் அதிர்ச்சி, மறுப்பு, கோபம், துக்கம் ஆகியவை இயல்பானவை என்பது தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. மூளையின் செயல்பாடு, நோய்கள், மருந்துகள் பற்றிய பாடங்கள் உண்டு. பேச்சுமுறைக்கும் பயிற்சி தருகிறார்கள். “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று சீறுவதை விட்டு, “நீ சொல்லாமல் வெளியே போனால் எனக்குப் பயமா இருக்கு” என்று தன் நிலையைச் சொல்லப் பழக்குவது இந்த வகை. கைமீறும் நேரத்தில் யாரை அழைப்பது, என்ன சொல்வது என்பதை அமைதியாக இருக்கும்போதே திட்டமிடுகிறார்கள். மருந்துகளின் பெயரும் அளவும், மருத்துவ அறிக்கைகள், பள்ளிக் கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கும் வழக்கத்தையும் கற்றுத்தருகிறார்கள். சிறிய வேலையாகத் தோன்றினாலும், புது மருத்துவர் முன்னால் பதறி உட்காரும் தாய்க்கு அந்தக் கோப்பு பெரும் துணை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்கான 1975ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் வழிவந்த தனிநபர் கல்வித் திட்டத்தைப் பள்ளியிடம் கேட்டுப் பெறுவது எப்படி என்பதும் பாடத்தில் உண்டு.

பர்லண்ட் வடிவமைத்த குடும்ப வகுப்பின் பலனை மேரிலாந்தில் நடந்த ஆய்வொன்று சோதித்தது. லிசா டிக்சன் குழுவினர் 2011இல் வெளியிட்ட அதன் முடிவுப்படி, வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு, இடத்துக்காகக் காத்திருந்தவர்களைவிட நோயறிவும் பிரச்சினையைக் கையாளும் திறனும் கூடியிருந்தன. பேசிக்ஸுக்கான ஆய்வுகள் அதைவிடச் சிறியவை. ஆகவே அந்த முடிவை அப்படியே இதற்கும் பொருத்துவது சரியல்ல. இது பிள்ளைக்கான சிகிச்சையும் அல்ல. வகுப்பு நாளில் அந்தப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பதே பல வீடுகளில் பெரிய கேள்வி. வர முடியாதவர்கள் தம் வசதிப்படி படிக்க இணைய வடிவம் இருக்கிறது. பாடங்கள் அதிலும் கிடைக்கும். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் “எங்க வீட்லயும் இதேதான்” என்று சொல்வது கிடைக்காது. அதனால் இணையத்தில் படிப்பவர்கள் அருகிலுள்ள ஆதரவுக் குழு ஒன்றிலும் சேர்வது நல்லது.