சக்கரம் இல்லாத தேரும் தம்பியோட பிக்கப்பும்

போன மாசம் சித்தப்பா பையன் ஒரு பழைய டீசல் பிக்கப்பைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தினான். பன்னிரண்டு வருஷத்து வண்டி. இன்ஜின் நல்லா இருக்கு, டயர் நாலும் மொட்டை. மீன், ஐஸ் லோடு அடிக்கப் போறானாம்.

"ண்ணா, அலாய் வீல் போட்டு, பெரிய டயரா மாட்டி, பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்து ஏத்திட்டா கெத்தா இருக்கும்ல? லோடும் கூட ஏத்தலாம்."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. "வேணாம்டா"ன்னு மட்டும் சொன்னேன். அவனுக்குக் கோவம். ஏன் வேணாம்னு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதறேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்தும், பொறுத்துக்குங்க மக்களே :-)

எங்க ஊர் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தை ஒட்டின ஊர். டச்சுக்காரங்க இங்கே கோட்டை கட்டி, துணி வியாபாரம் பண்ணி, 1824 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இங்கிலீஷ்காரன் கையில கொடுத்துட்டுப் போனாங்க. அவங்க வாயில ஊர் பேர் சட்ராஸ் ஆச்சு. சதுரங்கம்னா யானை, குதிரை, தேர், காலாள்னு நாலும் சேர்ந்த படை. ஆக எங்க ஊர் பேர்லயே ஒரு தேர் இருக்கு. வடக்கே மாமல்லபுரத்துக்குப் போனா அஞ்சு கல் ரதம் இருக்கு. ஆனா ஒண்ணுக்கும் சக்கரம் கிடையாது. ஓட வேண்டாத தேருக்குச் சக்கரம் எதுக்கு? பல்லவர் காலத்துச் சிற்பிக்குத் தெரிஞ்சது நம்ம தம்பிக்குத் தெரியல. எந்த வழியில, என்ன பாரத்தோட ஓடணும்கிறதுதான் சக்கரத்தை முடிவு பண்ணணும்.

எங்க தாத்தாகிட்ட கட்டை வண்டி இருந்துச்சு. நடுவுல குடம், அதுலேர்ந்து ஆரக்கால், சுத்தி மர வட்டை, அதுக்கு மேல இரும்புப் பட்டா. பட்டா மாட்டுறதைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். சக்கரத்தை விடக் கொஞ்சம் சின்னதாத்தான் வளையத்தை அடிப்பாங்க. வரட்டியை அடுக்கி நெருப்பு மூட்டிப் பழுக்கக் காய்ச்சினதும் அது விரியும். நாலு பேர் இடுக்கியால தூக்கி மரச்சக்கரத்து மேல இறக்கி, குடம் குடமா தண்ணி ஊத்துவாங்க. இரும்பு சுருங்கி மரத்தை அப்படியே கவ்விக்கும். ஆணியும் வேணாம், பசையும் வேணாம்.

அந்தச் சக்கரம் ஏன் அவ்வளவு உயரம்? சேத்து வழியில, பள்ளத்துல இறங்கி ஏறணும். சின்னச் சக்கரம் பள்ளத்துல விழுந்தா மாடு இழுக்காது. அந்த உயரத்துல ஸ்டைல் எதுவும் இல்லை, எங்க ஊர் வழியோட கணக்குதான் இருந்துச்சு.

அடுத்து காத்து வந்துச்சு. 1845லயே ராபர்ட் வில்லியம் தாம்சன்னு ஒருத்தர் காத்தடைச்ச டயருக்குக் காப்புரிமை வாங்கிட்டார். யாரும் சீந்தல. 1888ல பெல்ஃபாஸ்ட்ல டன்லப்ங்கிற மாட்டு டாக்டர் (ஆமாங்க, கால்நடை மருத்துவர்தான்) தன் பையனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்குதேன்னு திரும்பக் கண்டுபிடிச்சார். அந்தக் கம்பெனி 1936ல வங்காளத்துல சாகஞ்ச்ல டயர் பண்ண ஆரம்பிச்சது, 1959ல நம்ம அம்பத்தூருக்கும் வந்துச்சு. மாட்டு வண்டிக்குன்னே டயரும் போட்டாங்க. கட்டை வண்டி டயர் வண்டி ஆச்சு, சத்தம் போச்சு, அதே மாடு கூடுதல் பாரம் இழுத்துச்சு.

இன்னொரு பக்கம், 1946ல திருவொற்றியூர்ல மாம்மென் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில பொம்மை பலூன் பண்ணிட்டு இருந்தார். 1952ல அவர் இறங்கினது ட்ரெட் ரப்பர்ல. அதாவது தேஞ்ச டயருக்கு ரீபட்டன் போடுற ரப்பர். 1961லதான் முழு டயர் வந்துச்சு. அதான் எம்.ஆர்.எஃப். புது டயர் வாங்க வக்கில்லாத ஊர்ல பழைய டயரை உயிரோட வச்சிருந்தது ரீபட்டன்தான். இதை ஞாபகம் வச்சுக்குங்க, கதையில திரும்ப வரும்.

ஒரு குட்டித் தகவல்: மாத்துச் சக்கரத்தை ஸ்டெப்னின்னு சொல்றோமே, அது வேல்ஸ் நாட்டுல லனெல்லிங்கிற ஊர்ல இருக்கிற ஒரு தெருவோட பேர். 1904 வாக்குல அங்கேதான் அதைப் பண்ணி வித்தாங்க. அவங்க ஊர்லயே அந்தப் பேர் வழக்கொழிஞ்சு போச்சு, நாம விடல!

சக்கரத்துக்கு மேல பட்டை. 1804ல ஒபதையா எலியட்ங்கிறவர் குதிரை வண்டிக்கு எஃகுத் தகடுகளை அடுக்கி ஸ்பிரிங் பண்ணினார். நீளமான மெயின் பட்டை, அதுக்குக் கீழே ஒண்ணை விட ஒண்ணு குட்டையா. லாரியில இன்னைக்கும் அதே தத்துவம்தான். பாரம் ஏறினா பட்டை நிமிரும், வண்டி உக்காரும். இந்த 'உக்காருறது' முக்கியம்.

1980களின் நடுவுல ஜப்பான்காரன் கூட்டுல சின்ன லாரிகள் வந்துச்சு. 1986ல டாடா 407, 1988ல டாடா மொபைல் பிக்கப். கிராமத்துல ஒரு மனுஷன் ஒத்தை ஆளா முதலாளி ஆகலாம்னு காட்டினது இந்த வண்டிங்கதான். எங்க அப்பாவும் அப்படி ஒரு பிக்கப் வாங்கினார். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, வண்டி மேல தப்பே இல்லை.

அப்பா குப்பத்துல மீன் ஏத்திக்கிட்டு செங்கல்பட்டு போவார். எங்க ஊர்லயே தொடங்கி திருக்கழுக்குன்றம் வழியா போற ரோடு, இப்ப மாநில நெடுஞ்சாலை 58. ஐஸும் மீனும் சேர்ந்தா வண்டி பின்னாடி உக்காந்துடும். ஒரு பட்டறையில "ரெண்டு பட்டை சேர்த்துடுங்க, நிமிர்ந்து நிக்கும்"னாங்க. சேர்த்தார். நிமிர்ந்து நின்னுச்சு. அப்பாவுக்கு சந்தோஷம். இன்னும் நாலு பெட்டி ஏத்தினார்.

1996, சித்திரை மாசம். விடியக்காலையில போனவர் திரும்பும்போது மதியம் ஆயிடுச்சு, திரும்பும்போதும் லோடு. திருக்கழுக்குன்றம் தாண்டி பின் டயர் வெடிச்சது. ரீபட்டன் டயர். வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்துல மோதி நின்னுச்சு. அப்பாவுக்கு இடது கை மூணு இடத்துல முறிஞ்சது. கூட வந்த பையன் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில.

ரொம்ப நாள் நாங்க ரீபட்டனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம். பின்னாடிதான் புரிஞ்சது. பட்டை சேர்த்தா பட்டைக்கு மட்டும்தான் பலம். அச்சு அதே அச்சு, பிரேக் அதே பிரேக், டயர் அதே டயர். அதிக பாரத்துல டயரோட பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கிச் சூடாகும். சூடு ஏறினா உள்ளே ஒட்டு விடும். பழைய பட்டையா இருந்திருந்தா வண்டி உக்காந்து "போதும்டா"ன்னு சொல்லியிருக்கும். நாங்க காசு கொடுத்து அதோட வாயை அடைச்சுட்டோம். மயிலிறகானாலும் அளவு மீறினா அச்சு முறியும்னு வள்ளுவர் எப்பவோ சொல்லிட்டார், நாங்கதான் கேக்கல.

தம்பிகிட்ட இதைச் சொல்லிட்டு, உக்காந்து கணக்கு போட்டோம். அவன் வண்டிக்குக் கம்பெனி அளவு 215/75 ஆர் 15. உயரம் சுமார் 703 மி.மீ. அவன் ஆசைப்பட்டது 235/75 ஆர் 15, சுமார் 733 மி.மீ. முப்பது மி.மீ. பெரிசு, ஆனா தரையிலேர்ந்து அச்சு ஏறுறது அதுல பாதி, பதினஞ்சுதான். அதுக்கு மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல ஓடும், இழுவை குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். ரிம் வெளியே துருத்தினா பேரிங்குக்கு வேட்டு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு.

கடைசியா முடிவானது இதுதான்:

- கம்பெனி டிஸ்க்கே போதும், துருவை எடுத்து பெயின்ட்.
- அதே அளவுல புது ரேடியல். லோடு குறியீடு கம்பெனி சொன்னதுக்குக் குறையவே கூடாது. தயாரிச்ச தேதியைப் பார்த்து வாங்கணும். 2324ன்னு இருந்தா 2024ல 23வது வாரம்னு அர்த்தம். ஒரே அச்சுல நைலானும் ரேடியலும் கலக்கவே கூடாது.
- பட்டை எண்ணிக்கை அதேதான். உப்புக் காத்துல அரிச்ச பட்டைக்கு மட்டும் மாத்து. புஷ், யூ போல்ட், ஷாக் எல்லாம் புதுசு.
- காத்து வாரா வாரம், டயர் ஆறியிருக்கும்போது.

அலாய் வீலுக்கு வச்சிருந்த காசு மிச்சம் ஆச்சு.

வேலை முடிஞ்சு வண்டி வந்த அன்னிக்கு அப்பா திண்ணையிலேர்ந்து இறங்கி வந்தார். இன்னும் முழுசா நீட்ட முடியாத அந்த இடது கையால பட்டையைத் தடவித் தடவி எண்ணினார். ரெண்டு தடவை எண்ணினார். அப்புறம் தம்பியைப் பார்த்து, "எத்தனை பெட்டிடா ஏத்துவே?"ன்னு கேட்டார்.

"உக்கார்ற வரைக்கும்தான் பெரிப்பா."

"அதுக்கு ரெண்டு பெட்டி முன்னாடியே நிறுத்திடு"ன்னுட்டு உள்ளே போயிட்டார்.