தாமதத்தின் வரலாறு: 'மொகல்-ஏ-ஆஸம்' படமும் இந்தித் திரையுலகின் ராஜா ராணிப் படங்களும்

மும்பையின் இந்தித் திரையுலகில் ராஜா ராணிப் படங்கள், அதாவது அரண்மனையும் கவசமும் குதிரைப்படையும் வாள்சண்டையும் நிறைந்த 'காஸ்ட்யூம்' படங்கள், சொன்ன காலத்தில் முடிந்து திரைக்கு வருவது அரிதாகவே இருந்தது. 1940-களின் நடுவில் திட்டமிடப்பட்ட 'மொகல்-ஏ-ஆஸம்' 1960-இல்தான் வெளியாயிற்று. 1963-இல் தொடங்கப்பட்ட 'லவ் அண்ட் காட்' 1986 வரை காத்துக் கிடந்தது. இரண்டும் கே. ஆஸிப் என்னும் ஒரே இயக்குநரின் படங்கள் என்பதால், அவருடைய பிடிவாதமே இந்தத் தாமதங்களுக்குக் காரணம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர் பிடிவாதக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு படத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, எந்த இடத்தில் நின்றது என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தால், தாமதம் அந்தத் தொழிலின் அமைப்பிலேயே ஊறியிருந்தது என்பதும், 'மொகல்-ஏ-ஆஸம்' அந்த அமைப்புக்குப் புறம்பான ஒருவரின் பணத்தால் மட்டுமே பிழைத்தது என்பதும் தெளிவாகும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பாம்பே டாக்கீஸ், பிரபாத் போன்ற நிறுவனங்கள் நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு தங்கள் சொந்தத் தளங்களில் படமெடுத்தன. போர்க்காலத்தில் கள்ளச் சந்தையில் சேர்ந்த பணம் திரைத்தொழிலுக்குள் புகுந்தபோது இந்த ஒழுங்கு குலைந்தது. சொந்தத் தளம் இல்லாத தனித் தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். அவர்கள் அள்ளிக்கொடுத்த தொகைக்காக நட்சத்திரங்கள் நிறுவனங்களை விட்டு வெளியேறினார்கள். கச்சாப் பிலிம் அரசின் கட்டுப்பாட்டின்கீழ் வந்து, உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 1949-இல் அமைக்கப்பட்டு 1951-இல் அறிக்கை அளித்த எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு, இந்தச் சீர்குலைவையும் தொழிலுக்கு முறையான கடன் வசதி இல்லாத நிலையையும் விரிவாகவே பதிவு செய்தது.

வங்கிகள் படத்துக்குக் கடன் கொடுக்காத நிலையில், தயாரிப்பாளருக்குப் பணம் இரண்டு வழிகளில் வந்தது. முதலாவது வழி விநியோகஸ்தர். பம்பாய், தில்லி–உத்தரப் பிரதேசம், வங்காளம், நிஜாம் என்று நாடு பல ஏரியாக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முகூர்த்தம், அதாவது முதல் காட்சியைப் படமாக்கும் தொடக்க விழா, முடிந்த கையோடு ஒவ்வோர் ஏரியாவின் உரிமையும் விலை பேசப்படும். விநியோகஸ்தர் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பக் கேட்க முடியாத ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்வார். இதற்கு 'மினிமம் கியாரண்டி' என்று பெயர். அந்தத் தொகையையும் அவர் மொத்தமாகக் கொடுப்பதில்லை, படம் வளர வளரத் தவணையாகக் கொடுத்து, பெரும்பகுதியைப் படப்பெட்டி கைக்கு வரும் நாள்வரை நிறுத்தி வைப்பார். இரண்டாவது வழி, கடும் வட்டிக்குக் கடன் கொடுத்த ஃபைனான்சியர். ஆகவே படம் நகர்ந்தால்தான் பணம் வரும், பணம் வந்தால்தான் படம் நகரும் என்னும் நிலை உருவாயிற்று. இடையில் ஒரு நடிகர் நோயுற்றாலும், ஒரு விநியோகஸ்தர் பின்வாங்கினாலும், இந்த வட்டம் அறுந்து, எடுத்தவரை படம் பெட்டிக்குள் முடங்கியது.

சமூகப் படம் ஒன்று இப்படி நின்றுபோனால் மீட்பது எளிது. வீட்டுக் கூடமும் தெருவும் எந்தத் தளத்திலும் கிடைக்கும். கதையைச் சற்று மாற்றிக்கூட முடித்துவிடலாம். ராஜா ராணிப் படத்தில் முதலீட்டின் பெரும்பகுதி, காட்சி எடுக்கப்படுவதற்கு முன்பே அரங்கிலும் ஆடையிலும் ஆயுதத்திலும் போய் முடங்குகிறது. அரங்கைப் பிரிக்காமல் வைத்திருந்தால் தளவாடகை ஏறும். பிரித்துவிட்டால் மீண்டும் எழுப்பியாக வேண்டும். போர்க்களக் காட்சிக்கு ஆயிரக்கணக்கான மனிதர்களையும் விலங்குகளையும் ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்க்க வேண்டியிருப்பதால், ஒரு நட்சத்திரத்தின் கால்ஷீட் தவறினாலும் இழப்பு பன்மடங்காகும்.

இந்தப் பின்னணியில்தான் 'மொகல்-ஏ-ஆஸம்' உருவானது. அக்பரின் மகன் சலீமுக்கும் அரண்மனை நடனப் பெண் அனார்கலிக்கும் இடையிலான காதலைச் சொல்லும் கதை, இம்தியாஸ் அலி தாஜ் 1922-இல் எழுதிய உருது நாடகத்தால் பரவலாகி, மௌனப் படக் காலத்திலேயே திரைக்கு வந்திருந்தது. ஆஸிப் இதைத் தயாரிப்பாளர் ஷிராஸ் அலி ஹக்கீமின் ஆதரவுடன் திட்டமிட்டார். அக்பராகச் சந்திரமோகன், சலீமாக டி.கே. சப்ரு, அனார்கலியாக நர்கிஸ் ஆகியோருடன் 1946-இல் பாம்பே டாக்கீஸ் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டே நாடு பிரிவினை கண்டது; ஹக்கீம் பாகிஸ்தானுக்குச் சென்றார்; பணத்தின் ஊற்று வறண்டது. 1949-இல் சந்திரமோகன் இறந்தார். அதுவரை எடுத்த படச்சுருள்களின் பயன் அத்தோடு முடிந்தது.

படத்தை மீட்டவர் திரைத்தொழிலைச் சேராத ஷாபூர்ஜி பல்லோன்ஜி மிஸ்திரி. பம்பாய் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 21 மாதங்களில் கட்டி முடித்த கட்டுமான நிறுவனத்தின் தலைவரான அவருக்குப் படத் தயாரிப்பில் அனுபவம் இல்லை, அக்பரின் மீது பற்று மட்டுமே இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் பிருத்விராஜ் கபூர் அக்பராகவும், திலீப் குமார் சலீமாகவும், மதுபாலா அனார்கலியாகவும், துர்கா கோட்டே அரசி ஜோதாவாகவும் நடிக்க, படம் முதலிலிருந்தே மீண்டும் தொடங்கப்பட்டது. தவணைக்குக் காத்திருக்காமல் ஒரே மூலத்திலிருந்து பணம் வந்ததால்தான், வழக்கமான தயாரிப்பாளர் எவரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாத அளவில் வேலை நடந்தது. தில்லியின் தையற்காரர்கள் உடைகளைத் தைத்தார்கள். சூரத், கம்பாயத்துக் கைவினைஞர்கள் அவற்றில் சரிகை வேலை செய்தார்கள். அணிகலன்களை ஹைதராபாத் பொற்கொல்லர்களும், மகுடங்களைக் கோலாப்பூர்க் கலைஞர்களும், வாளையும் கேடயத்தையும் கவசத்தையும் ராஜஸ்தானத்துக் கொல்லர்களும், காலணிகளை ஆக்ராவின் தொழிலாளர்களும் செய்து தந்தார்கள். மன்னராட்சிகள் மறைந்துகொண்டிருந்த பத்தாண்டில், அரசவைகளை நம்பியிருந்த கைத்தொழில்கள் பலவற்றுக்கு இந்தப் படம் ஒரு கடைசிப் புரவலராக அமைந்தது என்று சொல்வது மிகையாகாது.

அந்த உழைப்பின் அளவை உணர்த்துவது ஷீஷ் மஹல் என்னும் கண்ணாடி மாளிகை அரங்கு. லாகூர்க் கோட்டையில் உள்ள கண்ணாடி மாளிகையை மனத்தில் கொண்டு, கலை இயக்குநர் எம்.கே. சையத் இதை மோகன் ஸ்டுடியோவில் எழுப்பினார். 150 அடி நீளமும் 80 அடி அகலமும் 35 அடி உயரமும் கொண்ட அரங்கின் சுவர்களிலும் கூரையிலும் பெல்ஜியத்திலிருந்து வந்த கண்ணாடித் துண்டுகளை ஃபிரோசாபாத் கைவினைஞர்கள் பதித்தார்கள். இரண்டு ஆண்டுகள் நீடித்த இந்த வேலைக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று என்பதையும், அன்று ஒரு முழுப் படத்தையே அதைவிடக் குறைந்த தொகையில் எடுக்க முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரங்கு எழுந்த பிறகே பெரிய சிக்கல் தெரிந்தது: விளக்கைப் போட்டவுடன் ஒவ்வொரு துண்டும் ஒளியைக் கேமராவுக்கே திருப்பி அனுப்பியது. கண்ணாடியின் மீது மெழுகு பூசிப் பார்த்தபோது கூச்சம் தணிந்தது, ஆனால் மாளிகையின் பொலிவும் மங்கிப்போயிற்று. ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் விளக்குகளை நடிகர்கள்மீது நேரே பாய்ச்சாமல், துணிப்பட்டைகளைக் கொண்டு ஒளியைச் சிதறடித்துப் பரவவிடும் முறையைக் கையாண்டு இதற்குத் தீர்வு கண்டார். நடனமாடும் அனார்கலியின் உருவம் கூரையின் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரே கணத்தில் பெருகித் தெரியும் அந்தக் காட்சி, இப்படிப் படிப்படியாகச் செய்து பார்த்துக் கண்டடைந்த முறையின் பயன்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான போர்க்களக் காட்சியில் 2,000 ஒட்டகங்களும் 400 குதிரைகளும் 8,000 வீரர்களும் இடம்பெற்றதாகப் படத்தைப் பற்றிய நூல்கள் குறிப்பிடுகின்றன. இந்திய ராணுவத்தின் ஜெய்ப்பூர்க் குதிரைப்படையைச் சேர்ந்தவர்களும் இதில் கலந்துகொண்டார்கள். கணினி வரைகலை இல்லாத காலத்தில், திரையில் தெரியும் கூட்டம் முழுவதும் களத்தில் நிற்கும் கூட்டமாகவே இருந்தாக வேண்டும். ஆகவே ஒரே காட்சியைப் பல கேமராக்களால் ஒருசேரப் பதிவு செய்தார்கள். மற்றப் படங்கள் நூறு நாள் அளவில் முடிந்துகொண்டிருந்தபோது, இந்தப் படப்பிடிப்பு சுமார் 500 நாள் நடந்தது.

தாமதம் நீள நீள, அதுவே புதிய தாமதத்துக்கு வழிவகுத்தது. கருப்பு வெள்ளையில் தொடங்கிய படம் முடியும் தறுவாயில், இந்தியத் திரையில் வண்ணம் பரவத் தொடங்கியிருந்தது. சில சுருள்களை டெக்னிகலரில் எடுத்துப் பார்த்த ஆஸிப், படம் முழுவதையும் வண்ணத்தில் மீண்டும் எடுக்க விரும்பினார். ஷாபூர்ஜியும் விநியோகஸ்தர்களும் அதற்கு இணங்கவில்லை. கண்ணாடி மாளிகைப் பாடலும் இறுதிப் பகுதியும் மட்டும் வண்ணத்தில் நின்றன. இந்த இடைவெளியில் நடிகர்களின் வாழ்க்கையும் மாறிவிட்டது. படம் தொடங்கியபோது நெருக்கமாயிருந்த திலீப் குமாரும் மதுபாலாவும் படம் முடிவதற்குள் முற்றிலும் பிரிந்துவிட்டார்கள். பிறவியிலேயே இதயக் குறைபாடு உடைய மதுபாலா, சிறைக் காட்சிகளில் கனமான இரும்புச் சங்கிலிகளைச் சுமந்து நடித்தார். 1960 ஆகஸ்ட் 5 அன்று மும்பையின் மராத்தா மந்திர் திரையரங்கில் வெளியான படம், 1975-இல் வந்த 'ஷோலே' முந்தும்வரை இந்தித் திரையுலகின் மிகப் பெரிய வசூல் படமாக நின்றது. 'அக்பர்' என்னும் பெயரில் 1961-இல் வெளியிடப்பட்ட தமிழ்ப் பதிப்பு தோல்வியடைந்தது. அதன் விளைவாக ஆங்கிலப் பதிப்புக்கான எண்ணமும் கைவிடப்பட்டது.

இதே காலத்தில் சென்னையில் வேறொரு முறை நிலவியது என்பதை 'சந்திரலேகா' காட்டுகிறது. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ அந்தப் படத்தைப் போர்க்காலத்தில் தொடங்கி, 1948 ஏப்ரலில் தமிழிலும் ஆண்டின் இறுதியில் இந்தியிலும் வெளியிட்டது. இங்கும் ஆண்டுகள் நீண்டன, இயக்குநர் டி.ஜி. ராகவாச்சாரி இடையில் விலக, வாசனே அந்தப் பொறுப்பை ஏற்றார். பிற்பாடு சர்க்கஸ் பகுதி சேர்க்கப்பட்டதால் செலவும் கூடிற்று. ஆனால் தளமும் தொழிலாளர்களும் ஸ்டுடியோவின் சொந்தம் என்பதால், கதையை மாற்றவும் காட்சியைத் திரும்ப எடுக்கவும் யாருடைய தவணையையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. மும்பையில் அந்தக் கட்டமைப்பு சிதைந்துவிட்டிருந்ததால், அதன் இடத்தை நிரப்ப ஒரு கட்டுமானத் தொழிலதிபர் தேவைப்பட்டார்.

அப்படி ஒருவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸிப்பின் அடுத்த படமே சான்று. லைலா–மஜ்னு கதையைச் சொல்லும் 'லவ் அண்ட் காட்' 1963-இல் குரு தத், நிம்மி ஆகியோருடன் தொடங்கியது. 1964 அக்டோபரில் குரு தத் இறந்ததால் நின்றுபோன படம், 1970-இல் சஞ்சீவ் குமாரைக் கொண்டு மீண்டும் எடுக்கப்பட்டது. 1971 மார்ச்சில் ஆஸிப்பும் காலமானார். அவருடைய மனைவி அக்தர் ஆஸிப் 1980-களில் தயாரிப்பாளர் கே.சி. பொகாடியாவின் துணையுடன் கிடைத்த பகுதிகளைத் தொகுத்து 1986-இல் வெளியிட்டபோது, சஞ்சீவ் குமாரும் உயிரோடில்லை. இருபத்து மூன்று ஆண்டு உழைப்பு, முற்றுப்பெறாத ஒரு படமாகவே மக்களுக்குக் கிடைத்தது. பெரும் பொருட்செலவில் உருவாகி 1983-இல் வந்த கமால் அம்ரோஹியின் 'ரஸியா சுல்தான்' தோற்றது. அனில் கபூரும் மாதுரி தீட்சித்தும் நடித்து, பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 1996-இல் வந்த வாள்சண்டைப் படமான 'ராஜ்குமார்' கவனிக்கப்படாமலே மறைந்தது. மத்திய அரசு 1998-இல் திரைத்துறைக்குத் தொழில் தகுதி வழங்குவதாக அறிவித்து, அதன் தொடர்ச்சியாக வங்கிக் கடனுக்கு வழி திறந்த பிறகே, தவணைப் பணத்தின் பழைய வட்டம் தளரத் தொடங்கியது.

'மொகல்-ஏ-ஆஸம்' பெற்ற வெற்றி, தாமதத்துக்கே ஒரு பெருமையைத் தேடித் தந்தது. காலம் கடந்தாலும் மனம் தளராமல் காத்திருந்தால் காவியம் பிறக்கும் என்னும் நம்பிக்கையை அது மும்பையில் வேரூன்றச் செய்தது. அந்தப் படத்தின் மேன்மை கைவினைஞர்களின் தேர்ச்சியிலிருந்தும், மாத்தூரின் ஒளியிலிருந்தும், நௌஷாத்தின் இசையிலிருந்தும், பிருத்விராஜ் கபூர், மதுபாலா ஆகியோரின் நடிப்பிலிருந்தும் பிறந்தது. அவர்கள் பொறுமையாக உழைக்க வாய்த்தது, வசூலைக் கணக்குப் பார்க்காத ஒருவர் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து செலவை ஏற்றதால்தான். தாமதம் அந்த மேன்மைக்கு எதையும் கூட்டவில்லை; மாறாக, முதல் அக்பரின் நடிப்பையும் முதல் தொகுதிச் சுருள்களையும் அழித்து, முழு வண்ணப் படம் என்னும் விருப்பத்தையும் பறித்துக்கொண்டது. இந்திய ராஜா ராணிப் படங்களின் வரலாறு பிடிவாதம் கொண்ட மனிதர்களைப் புகழ்வதோடு நின்றுவிடாமல், பணம் இடையில் நின்றதால் பெட்டிக்குள்ளேயே மடிந்த படங்களையும், அவற்றுக்காக வாளும் மகுடமும் செய்து கூலி முழுதும் கைக்கு வராமல் போன தொழிலாளர்களையும் சேர்த்து எழுதப்படும்போதுதான் முழுமை பெறும்.