பலம் என்னும் சாக்கு

கால்நடை மருத்துவம் பெண்ணின் உடல்வலிமைக்கு மீறியது என்ற வாதம் தொழுவத்தில் மட்டுமன்றிப் படித்தவர் நாவிலும் உலவுகிறது. அது தொழிலின் இயல்பிலிருந்து பிறந்த வாதமன்று. பெண்களை வாசலில் நிறுத்தியவர்களுக்கு வாய்த்த சாக்கு என்பதே என் கருத்து.

அயர்லாந்தைச் சேர்ந்த ஏலீன் கஸ்ட் 1900இல் எடின்பரோவில் படிப்பை முடித்தார். பெண் என்பதால் அவரைத் தேர்வெழுத விட முடியாது என்று, பட்டயம் வழங்கும் இலண்டன் அரச கல்லூரி 1897இலேயே சொல்லிவிட்டது. பட்டயம் இல்லாமலே அயர்லாந்தின் ராஸ்காமன் வட்டாரத்தில் குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தார். கால்வே மாவட்ட மன்றம் அவரைக் கால்நடை ஆய்வாளராக அமர்த்த முனைந்தபோது எழுந்த தகராறு ஒரு சொல்லில் போய் முடிந்தது: வேலையைச் செய்யலாம், பதவிப் பெயரை மட்டும் மாற்றினார்கள். மாட்டுக்குப் போதுமாயிருந்த கை ஏட்டுக்குப் போதவில்லை. பாலினத் தகுதித்தடையை நீக்கும் சட்டம் 1919இல் வந்தது. 1922 டிசம்பரில் பட்டயம் கைக்கு வந்தது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் மாடுகள் ஒன்றும் இளைத்துவிடவில்லை.

சென்னைக் கதையும் ஏறக்குறைய இதுதான். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து சக்குபாய் இராமச்சந்திரன், இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவராக, வெளிவந்தது 1952இல்.

சரி, பலம் எங்கேதான் தேவைப்படுகிறது? கன்று போட முடியாமல் முக்கும் பசுவை எடுத்துக்கொள்வோம். கன்றின் தலை பின்னால் மடங்கியிருந்தால் ஊரே கூடி இழுத்தாலும் வராது; கருப்பைதான் கிழியும். வாலடியில் 5 மி.லி. லிக்னோகைன் மரப்பு மருந்து போட்டு முக்கலைத் தணித்து, கன்றைச் சற்று உள்ளே தள்ளி, தலையை நேராக்கிய பிறகே கயிறு. மாட்டைப் படுக்கப் போடுவதும் கயிற்று வித்தையே. கழுத்தில் ஒரு சுற்று, முன்னங்காலுக்குப் பின்னே மார்பில் ஒன்று, மடிக்கு முன்னே வயிற்றில் ஒன்று. நுனியைப் பின்பக்கமாக இழுத்தால் மாடு தானாக மடங்கிப் படுக்கும். வெள்ளாட்டுக்குப் பேறு பார்க்கையில் பெரிய கையே இடைஞ்சல். உழைப்பு இல்லையென்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கை உள்ளே இருந்தால் யாருக்கும் தோள் மரத்துப்போகும், ஆணுக்கும்தான்.

பெண்ணுக்கு, அதிலும் கர்ப்பிணிக்கு, உள்ள இடர் வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே காணோம். பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவரும் புராஸ்டாகிளாண்டின் மருந்து தோல்வழியே ஏறும். கர்ப்பிணியின் கையில் பட்டால் கரு கலையக்கூடும். 4 முதல் 8 மாதக் கிடேரிக்குப் போடும் புரூசெல்லா தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி தவறிக் குத்தினால் டாக்டருக்கே நோய் வரக்கூடும். அந்நோயுள்ள பசுவில் விழாமல் தங்கிய நஞ்சுக்கொடியைக் கைவிட்டு எடுப்பதிலும் அந்த ஆபத்து உண்டு. மருந்தோடு வரும் தாளில் எச்சரிக்கை பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஒரே மருத்துவர் உள்ள கிராம மருந்தகத்தில் அவர் கர்ப்பமாக இருக்கும் மாதங்களில் அந்த ஊசிகளை யார் போடுவது? அந்தத் தாளில் இதற்குப் பதில் இருக்காது.

பசுவைப் பிடிக்க நான்கு பேரைக் கூப்பிடும் ஆண் மருத்துவரை யாரும் சலுகை கேட்கிறார் என்பதில்லை. இந்த இரண்டு ஊசிகளை மட்டும் வேறொருவர் போடட்டும் என்று பெண் கேட்டால் அது சலுகையாகிவிடுகிறது. பக்கத்து மருந்தக மருத்துவர் வாரம் ஒருநாள் வந்து போட்டுவிட்டுப் போக, ஒரு வரி ஆணை போதும்.