பெயராத கால்: ஆவிக்குரிய போராட்டத்தில் நிலைநிற்றலும் கடவுள் நம்பிக்கையும்

1. சிக்கலும் வாதமும்

ஆவிக்குரிய போராட்டம் பற்றிய இன்றைய கிறிஸ்தவப் பேச்சில் இரண்டு போக்குகள் மேலோங்கியுள்ளன. சோதனையை மனவுறுதிக்கு வைக்கப்படும் தேர்வாகக் கொள்வது ஒன்று. பயமோ சந்தேகமோ தலைகாட்டினாலே விசுவாசம் குன்றிவிட்டதென்று இப்போக்கு தீர்ப்பளிக்கும். சோதனையைப் படையெடுப்பாக மாற்றிவிடுவது மற்றொன்று. எதிரியின் பெயரையும் ஆளுகை எல்லையையும் கண்டறிந்து, அவனைக் கட்டி, கடிந்து, துரத்த வேண்டும் என்று இது கற்பிக்கும். முதற்போக்கு விசுவாசியைத் தன் நெஞ்சுரத்தை நம்பச் சொல்கிறது. இரண்டாவது தன் வழிமுறையை நம்பச் சொல்கிறது. இரண்டிலும் கடவுளை நம்புதல் பின்தள்ளப்படுகிறது.

தெளிந்த வேளையில் கடவுள் முன் ஏற்றுக்கொண்ட வாக்கையும் கடமையையும் கலங்கிய வேளையில் கைவிடாதிருத்தலே நிலைநிற்றல் என்பது இக்கட்டுரையின் வாதம். கலக்கம் நம்மைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் சொல்லும் தீர்ப்பை இறுதியானதாக ஏற்க மறுக்கும் இடத்தில்தான் நம்பிக்கை செயல்வடிவம் பெறுகிறது. எபேசியர் நிருபம், நான்காம் நூற்றாண்டு எகிப்தின் பாலைவனத் துறவியர், பதினாறாம் நூற்றாண்டின் இஞ்ஞாசியார், லூத்தர் ஆகியோர் இதற்குச் சான்றுகள். இறையியலில் பெரிதும் வேறுபட்ட இவர்கள் இந்த ஒரு புள்ளியில் கூடுவது தற்செயலாக இருக்க முடியாது.

2. யாருடைய கவசம்?

சர்வாயுதவர்க்கம் பற்றிய பகுதி (எபேசியர் 6:10–20) படையெடுப்புப் போக்கினர் அதிகம் எடுத்தாளும் பகுதி. ஆனால் அங்கே படை எங்கும் முன்னேறவில்லை. 11 முதல் 14 வரையுள்ள வசனங்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டளை நிற்க வேண்டும் என்பதே. எதிரிகளைத் துரைத்தனங்கள், அதிகாரங்கள், அந்தகார லோகாதிபதிகள் என்று அடுக்கிய பிறகும், போய் ஒரு கோட்டையைப் பிடிக்கும்படி ஆசிரியர் சொல்லவில்லை. காரணம் நிருபத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதே அதிகாரங்களுக்கு மேலாகக் கிறிஸ்து ஏற்கெனவே அமர்த்தப்பட்டுவிட்டார் (1:20–21). விசுவாசிகளும் அவரோடு அமர்த்தப்பட்டுள்ளனர் (2:6). கிடைத்துவிட்ட இடத்தை இழக்காமல் காப்பதே அவர்களுடைய வேலை.

கவசத்தின் உடைமையும் கவனிக்கத்தக்கது. ஏசாயா 59:17-இல் நீதியை மார்க்கவசமாகவும் இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அணிபவர் கடவுளே. 11:5-இல் நீதியையும் உண்மையையும் கச்சையாகக் கட்டுபவர் ஈசாயின் அடிமரத்திலிருந்து தோன்றும் அரசர். எபேசியர் நிருபம் அந்த உடைமைகளை எடுத்து விசுவாசிகளுக்கு உடுத்துகிறது. அவர்கள் அணிந்திருப்பது அவர்கள் வடித்ததோ சம்பாதித்ததோ அல்ல.

பட்டயமும் பாதரட்சையும் தாக்குதலைக் குறிக்காதா என்று கேட்கலாம். பட்டயமாகிய வசனத்தை இயேசு வனாந்தரத்தில் கையாண்ட முறை இதற்கு விடை. மூன்று சோதனைகளுக்கும் உபாகமத்திலிருந்து (8:3, 6:16, 6:13) மறுமொழி சொன்னார், சோதித்தவனைப் பின்தொடர்ந்து போகவில்லை. பாதரட்சை புறப்படுவதற்கான ஆயத்தம்தான். ஆனால் அந்தப் பயணம் சமாதானத்தின் சுவிசேஷத்தோடு மனிதரை நோக்கியது. மேலும் இக்கட்டளைகள் அனைத்தும் பன்மையில் உள்ளன. எல்லாப் பரிசுத்தவான்களுக்காகவும் விழித்திருந்து ஜெபிப்பதில் அவை முடிகின்றன (6:18). தனி வீரர் ஒருவரின் சாகசத்துக்கு அங்கே இடமில்லை.

3. எழுந்து நிற்க இயலாதவரின் நிலைநிற்றல்

வனத்து அந்தோணியார் 356-இல் மறைந்த சில ஆண்டுகளுக்குள் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு அவருடைய வரலாற்றை எழுதினார். பேய்களுடனான போராட்டம் பற்றிய கிறிஸ்தவக் கற்பனையை இந்நூல் அளவுக்கு வடிவமைத்தவை சிலவே. அதில் நம் வாதத்துக்கு மையமானது கல்லறை நிகழ்ச்சி. ஊருக்கு வெளியே ஒரு கல்லறைக்குள் அடைந்துகொண்ட இளம் அந்தோணியார் இரவில் பேய்களால் அடிபட்டுப் பேச்சற்றுக் கிடக்கிறார். மறுநாள் உணவு கொண்டுவந்த நண்பர் அவரைப் பிணமென்று கருதி ஊர்க் கோவிலுக்குச் சுமந்து செல்கிறார். நள்ளிரவில் நினைவு திரும்பிய அந்தோணியார், தம்மை மீண்டும் அதே கல்லறைக்குத் தூக்கிச்செல்லும்படி வேண்டுகிறார். காயங்களால் எழுந்து நிற்க முடியவில்லை, படுத்தபடியே ஜெபிக்கிறார்.

மனவுறுதிக் கோட்பாட்டை இக்காட்சி உடைக்கிறது. இவர் கீழே விழுந்தவர், பிறர் தோளில் சுமக்கப்பட்டவர். அவரால் செய்ய முடிந்தது இடத்தையும் ஜெபத்தையும் விடாதிருப்பது மட்டுமே. பின்னர் ஒளி இறங்கி வலி நீங்கியபோது, தொடக்கத்திலேயே ஏன் வரவில்லை என்று ஆண்டவரிடம் கேட்கிறார். தாம் அங்கேயே இருந்ததாகவும் அவருடைய போராட்டத்தைக் காணக் காத்திருந்ததாகவும் விடை வருகிறது. அந்தோணியாரின் கேள்வி கண்டிக்கப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடவுள் எங்கே போனார் என்று கேட்பதும் அவரை விடாதிருப்பதும் ஒரே மனிதரிடம் கூடியிருக்க முடியும்.

4. நண்பகல் பேயும் ஐந்தாம் விதியும்

பேயின் தாக்குதல் பெரும்பாலும் அடியாக வருவதில்லை, நியாயமான யோசனையாகவே வருகிறது என்பதை நுணுக்கமாக விளக்கியவர் பொந்துஸ் நாட்டு எவாக்ரியுஸ் (மறைவு 399). நூறு அதிகாரங்கள் கொண்ட தம் துறவறக் கையேட்டில் சோர்வுப் பேய் பற்றி அவர் எழுதும் பகுதி இதற்குச் சான்று. காலை பத்து மணியளவில் அது வருகிறது. சூரியன் நகராததுபோலத் தோன்றுகிறது. துறவி சன்னலை நோக்குகிறார்; உணவு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று வெளியே வந்து பார்க்கிறார். இடத்தின்மீதும் கைவேலைமீதும் வெறுப்பு வருகிறது. சகோதரரிடம் அன்பு செத்துவிட்டது என்ற எண்ணம் எழுகிறது. கடவுளைப் பிரியப்படுத்த இந்த இடம்தான் வேண்டுமா, அவரை எங்கும் தொழலாமே என்ற வாதமும் தலைதூக்குகிறது.

அந்தக் கடைசி வாதம் இறையியல்படி சரியானது. யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரமே அதற்குத் துணை நிற்கும். எவாக்ரியுஸின் கூர்மை இங்கேதான் தெரிகிறது. ஒரு கருத்து உண்மையா என்று மட்டும் கேட்டால் போதாது, அது இந்த நேரத்தில் எதற்காக வருகிறது என்றும் கேட்க வேண்டும். ஆகவே சோதனை நேரத்தில் எவ்வளவு நல்ல காரணம் தோன்றினாலும் அறையை விட்டுப் போகாதே என்பது அவருடைய அறிவுரை. சிரியாக் மொழி வழியாக நமக்குக் கிடைத்துள்ள அவருடைய மற்றொரு நூல், எட்டுத் தீய எண்ணங்களுக்கு எதிராக ஏறக்குறைய 500 வேதவசன மறுமொழிகளைத் தொகுத்துள்ளது. அவற்றில் பல கடவுளை நோக்கிய மன்றாட்டுகள். சில தன் ஆன்மாவுக்கே சொல்லும் சொற்கள். போராட்டம் முழுவதையும் பேயோடு பேசிக் கழிக்க அவர் விடவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து லொயோலா இஞ்ஞாசியார் இதே இடத்துக்கு வருகிறார். 1522-இல் மன்ரேசாவில், பாவங்களை முழுதாக அறிக்கையிடவில்லையோ என்ற ஓயாத ஐயம் அவரைத் தற்கொலை எண்ணம் வரை தள்ளியது. அப்போதும் நாளுக்கு ஏழு மணிநேர ஜெபத்தை அவர் விடவில்லை. கடவுள் விடுவிக்கும்வரை உண்பதில்லை என்று தொடங்கிய உபவாசத்தை மட்டும் ஒப்புரவுக் குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து நிறுத்தினார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், ஆவிகளைப் பகுத்தறியும் விதிகளுள் ஐந்தாவதில் இந்த அனுபவம் படிந்திருக்கிறது. ஆறுதலற்ற வேளையில் எந்த மாற்றமும் செய்யாதே, முந்தைய தெளிவில் எடுத்த முடிவிலேயே நில் என்பது அதன் சாரம்.

இது கைகட்டி இருக்கும் போதனை அன்று. ஜெபத்தையும் தன்னாய்வையும் கூட்டி ஆறுதலின்மையை எதிர்க்கும்படி ஆறாம் விதி சொல்கிறது. எதிரி தன் தூண்டல்கள் இரகசியமாக இருப்பதையே விரும்புவதால், அவற்றை நல்ல வழிகாட்டி ஒருவரிடம் வெளிப்படுத்தும்படி பதின்மூன்றாம் விதி சொல்கிறது. எகிப்தின் துறவியரும் தங்கள் எண்ணங்களை முதியவர் முன் திறந்து வைத்தனர். முடிவை மாற்றாமை, மறைக்காமை ஆகிய இரண்டும் சேர்ந்தே நிலைநிற்றல்.

5. ஓடுவது எப்போது சரி?

இந்த வாதத்துக்குப் பலமான மறுப்பு ஒன்று உண்டு. எவாக்ரியுஸே ஓடியவர்தானே? அவருடைய சீடர் பல்லாடியுஸ் தரும் செய்திப்படி, கொன்ஸ்தாந்திநோபிளில் உயர்குடியைச் சேர்ந்த மணமான பெண் ஒருவர்மீது கொண்ட காதலிலிருந்து தப்ப அவர் நகரைவிட்டே வெளியேறினார். எருசலேமில் மனம் தடுமாறி ஆறு மாதம் நோயுற்றுக் கிடந்தார். அங்கிருந்த துறவி மூத்த மெலானியாவிடம் உள்ளதைச் சொல்லித் துறவறத்துக்கு வாக்களித்த பிறகே குணமடைந்து எகிப்துக்குப் போனார். யோசேப்பும் போத்திபாரின் வீட்டில் மேலாடையை விட்டு ஓடினார் (ஆதியாகமம் 39). ‘நில்’ என்பது எங்கும் பொருந்துமானால் இவர்கள் தோற்றவர்களா?

இல்லை. இருவரும் தம் கடமையைக் காக்க ஓடினார்கள். கால் பெயர்ந்தது, வாக்கு பெயரவில்லை. இந்த வேறுபாட்டை லூத்தர் 1527-இல் தெளிவுபடுத்தினார். அவ்வாண்டு ஜூலை 6-ஆம் தேதி உடலும் மனமும் ஒருசேரக் குலைந்து விழுந்த அவர், மாதக்கணக்கில் கடும் ஆன்மக் கலக்கத்தில் இருந்தார். விரைவில் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியது. பல்கலைக்கழகத்தோடு வெளியேறும்படி இளவரசர் பணித்தும் அவர் போகவில்லை. அவருடைய வீடே நோயாளர் தங்குமிடமாயிற்று. ஆனால் அந்த நாட்களில் அவர் எழுதிய சிறு நூல், ஓடுகிறவர் எல்லாரையும் கண்டிக்கவில்லை. போதகர், ஆட்சிப் பொறுப்பில் உள்ளோர், நோயாளியைக் கவனிக்க வேண்டியவர் ஆகியோர் போகக் கூடாது. தம்மைச் சார்ந்து எவரும் இல்லாதவரும், மாற்று ஏற்பாடு செய்துவிட்டவரும் போகலாம். நோயில் பிசாசின் கை உண்டென்று நம்பிய அதே லூத்தர், மருந்தை மறுப்பவர்களைக் கடவுளைச் சோதிப்பவர்கள் என்றார்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது: நான் இங்கே இருப்பதற்கு யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன்? வீட்டில் அடிபடும் ஒருவரைப் பார்த்து ‘நிலைத்து நில்’ என்று சொல்லும் போதகர் இந்த அளவுகோலைத் தவறாகக் கையாளுகிறார். அடிவாங்குவது எவருக்கும் பட்ட கடன் அன்று. மனச்சோர்வு நோய்க்கு மருத்துவரை நாடுவதும் நம்பிக்கைக் குறைவாகாது.

6. படையெடுப்பின் வரம்பு

1990-களில் பீட்டர் வாக்னர் முதலியோர் பிரதேச ஆவிகளைக் கண்டறிந்து எதிர்த்து ஜெபிக்கும் முறையைப் பரப்பினர். அதன் சாயல் தமிழ்ச் சபைகளின் ஜெபங்களிலும் இன்று கேட்கிறது. இம்முறைக்கு முதன்மை ஆதாரமாகக் காட்டப்படுவது பெர்சியாவின் அதிபதி பற்றிய தானியேல் 10. அந்த அதிகாரத்தில் தானியேல் மூன்று வாரம் துக்கித்து உணவைக் குறைத்துக்கொண்டு கடவுளை நாடுகிறார். விண்ணில் நடந்த போரைப் பிறகே தேவதூதன் சொல்லி அறிகிறார். அதிபதியின் பெயர் தெரியாமலும் அவனோடு ஒரு சொல்லும் பேசாமலும் அவர் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டார்.

பேய் பிடித்த ஒருவரை விடுவிக்கும் அதிகாரத்தைப் புதிய ஏற்பாடு மறுக்கவில்லை. பிலிப்பியில் ஒரு பெண்ணிடமிருந்த ஆவிக்குப் பவுல் ஆணையிட்டார் (அப்போஸ்தலர் 16:18). ஆனால் தம் சரீரத்தில் தைத்த முள்ளை, சாத்தானின் தூதன் என்றே பெயரிட்டும், அவர் ஆணையிட்டு அகற்றவில்லை. மூன்றுமுறை ஆண்டவரை வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற விடையே வந்தது (2 கொரிந்தியர் 12:7–9). பிறருக்காகச் செலுத்தும் அதிகாரம் தன் சோதனையைத் தவிர்க்கும் கருவியாகாது. கருவியாக்கினால், முள் நீங்காத ஒவ்வொருவரும் தம் விசுவாசத்தையே குற்றம்சாட்ட நேரும். தாக்குதலுக்கு வேண்டியதும் அதுவே.

7. முடிவுரை

கெத்செமனேயில் இயேசு தம் துயரத்தை மறைக்கவில்லை, சீடர்களின் துணையைக் கேட்டார், பாத்திரம் நீங்குமா என்று மன்றாடினார், பிதாவுக்குத் தந்த கீழ்ப்படிதலிலிருந்து மட்டும் பெயரவில்லை. இங்கே ஆய்ந்த சான்றுகள் அனைத்தும் இந்த அமைப்பின் மறுவடிவங்களே. எனவே சோதனையில் இருப்பவரிடம் உன் விசுவாசம் எவ்வளவு என்றோ, எந்த ஆவி தாக்குகிறது என்றோ கேட்பதில் சபைக்குப் பயன் குறைவு. தெளிவாக இருந்தபோது நீ கடவுளிடம் ஏற்றது என்ன, அதை விடும்படி இப்போது உனக்குச் சொல்லப்படும் காரணம் என்ன, இதை யாரிடம் சொல்லியிருக்கிறாய் என்று கேட்கலாம். மூன்றாம் கேள்விக்கு ‘யாரிடமும் இல்லை’ என்பது விடையானால், கேட்டவரே அந்த ஆளாக இருக்கக் கடமைப்பட்டவர்.