தரவுத்தளத்துக்கு வந்த கணிதம்

ஒரு கல்லூரியின் மாணவர் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். துறைவாரியாகவும், துறைக்குள் ஆண்டுவாரியாகவும் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் யார் யார் என்று கேட்டால், உரிய பக்கத்தைப் புரட்டிச் சொல்லிவிடலாம். மதுரையைச் சேர்ந்தவர்கள் யார் யார் என்று கேட்டால்? பதிவேடு முழுவதையும் புரட்ட வேண்டியதுதான். எந்தக் கேள்வி எளிது, எது கடினம் என்பதை அடுக்கிய முறையே முடிவு செய்துவிடுகிறது.

கணிப்பொறியின் முதல் தரவுத்தளங்களும் இப்படித்தான் இருந்தன. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் ஐ.டி.எஸ். என்ற அமைப்பை உருவாக்கினார். அதில் ஒரு பதிவு மற்றொரு பதிவைச் சுட்டும். புரோகிராம் எழுதுபவர் சங்கிலியைப் பற்றிச் செல்வதுபோல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வார். அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் எண்ணற்ற பாகங்களைக் கணக்கிட வந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐ.எம்.எஸ். 1968இல் இயங்கத் தொடங்கியது. அது மரம்போல் கிளைவிட்ட அமைப்பு. இவை வேகமானவை. ஆனால் அடுக்கும் முறையை மாற்றினால், அதை நம்பி எழுதிய புரோகிராம்களையும் திருத்தியாக வேண்டும்.

காட் காட்டிய வழி

எட்கர் காட் ஆக்ஸ்போர்டில் கணிதம் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றியவர். கலிபோர்னியாவில் சான் ஹோசே ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திலிருந்து 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பள்ளியில் கணங்களும் உறவுகளும் படிக்கிறோம் அல்லவா? அந்த ‘உறவு’ தான் அக்கட்டுரையின் அடிப்படை. தரவு யாவும் நிரைகளும் நிரல்களும் கொண்ட எளிய அட்டவணைகளாக இருக்கட்டும். எது வேண்டும் என்று மட்டும் மனிதர் சொல்லட்டும். தேடும் வழியைக் கணிப்பொறியே தேர்ந்துகொள்ளட்டும் என்றார் அவர்.

இயந்திரம் தேர்ந்தெடுக்கும் வழி மனிதர் வகுத்த வழியின் வேகத்துக்கு ஈடாகுமா என்ற ஐயம் எழுந்தது. 1974இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் பாக்மன் தரப்பும் காட் தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன. விடை ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இங்கிரெஸ், சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் ஆகியவை உருவாயின. சிஸ்டம் ஆர் குழுவின் பட்ரீசியா செலிங்கரும் தோழர்களும் வகுத்த முறையில், கணிப்பொறி ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டு, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும். கேள்வி கேட்பதற்கு சேம்பர்லினும் பாய்சும் வகுத்த மொழியே பின்னர் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. 1979இல் ஆரக்கிள் விற்பனைக்கு வந்தது. 1986இல் எஸ்.க்யூ.எல். அமெரிக்கத் தரநிலையாயிற்று.

இன்று தேர்வது எப்படி?

ஒரு கருவிக்குள்ளேயே தங்கி, ஒருவர் மட்டும் எழுதும் தரவுக்கு எஸ்.க்யூ.லைட் போதும். பலர் ஒரே நேரத்தில் எழுதும் அலுவலகத்துக்குப் பெர்க்லி மரபில் வந்த போஸ்ட்கிரெஸ் போன்றவை ஏற்றவை. கேள்விகள் மாறாத இடங்களில் பழைய மர அமைப்பும் பயன்படுகிறது; ஐ.எம்.எஸ். இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

கருவிகள் மாறும், தரவு அவற்றைவிட நெடுநாள் வாழும். எனவே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இன்று நமக்குத் தோன்றாத கேள்வியை நாளை இதனிடம் கேட்க முடியுமா? வேறு கருவிக்கு மாற நேர்ந்தால், தரவைச் சேதமின்றி வெளியே எடுக்க முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று விடை தரும் கருவியையே தேர்ந்தெடுங்கள்.