அயர்லாந்துப் பாட்டனாரும் போக்குவரவுக் கணக்கும்

பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவனிடம் அயர்லாந்தைப் பற்றிக் கேட்க யார் வரப்போகிறார் என்று நினைப்பீர்கள். எனக்கு வந்தார்கள். முப்பது வருஷமாக எங்கள் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கல்வெட்டு, பழைய ஆதாரம் என்று நான் எதையாவது படித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் குடும்ப பைபிள் ஒன்றைக் கல்லாமேல் வைத்து, "நயினார், எங்க தாத்தாவுக்குத் தாத்தா பட்டாளத்துல அயர்லாந்திலேர்ந்து வந்தவராம். எந்த ஊர்னு பார்க்க முடியுமா?" என்றார். முதல் தாளில் ஜேம்ஸ் என்ற பெயரும் குடும்பப் பெயரும் திருச்சிராப்பள்ளியில் நடந்த கல்யாணத்தின் வருஷமும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

கும்பெனிப் பட்டாளத்தில் அயர்லாந்துக்காரர் அபூர்வமில்லை. 1825 முதல் 1850 வரை வங்காளப் படைக்குச் சேர்த்த வெள்ளைச் சிப்பாய்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த நாட்டார். ஆனால் எடுத்த எடுப்பில் அயர்லாந்துக்குள் நுழைந்தால் திரும்பி வர வழி தெரியாது. முதலில் இங்குள்ள ஏட்டைப் பார்க்க வேண்டும். சென்னை ராஜதானியில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கல்யாணப் பதிவில் பட்டாளத்தின் பெயர் கிடைத்தது. ஆள் சேர்த்த பதிவேட்டில் பிறந்த பங்கும் மாவட்டமும் கிடைத்தன. இதற்கே இரண்டு வருஷம் ஆயிற்று.

பிறகுதான் நெருப்பு குறுக்கே வந்தது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் எரிந்துபோனது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு குடிக்கணக்குகளில் மிகச் சில தாள்களே மிஞ்சின. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழுக்குப் போயின. பழைய பேரேட்டைப் பொட்டலம் கட்டப் போடும் வியாபாரியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சர்க்காரே அப்படிச் செய்யும் என்று நினைத்ததில்லை. நகல்களைத் தேடிச் சேர்த்து அந்தக் காப்பகத்தைக் கணினியில் மீட்டெடுக்கும் முயற்சி 2022-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

எரிந்தவற்றில் ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகள் ஏராளம். கத்தோலிக்க ஏடுகள் அந்தந்தப் பங்குச் சாமியாரிடமே இருந்ததால் தப்பின. ஆகவே ஆள் எந்தச் சபை என்பது முதல் கேள்வி. நமக்கெல்லாம் தெரிந்த கால்டுவெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1814-ல் அயர்லாந்தின் அன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில் பிறந்தவர், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர், வளர்ந்தது கிளாஸ்கோவில். 1838-ல் லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னை வந்தவர், பிறகு ஆங்கிலிக்கன் சபைக்கு மாறினார். 1844-ல் நாகர்கோவில் மிஷனரி மால்ட் துரையின் மகளைக் கைப்பிடித்தார்; நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. 1891-ல் கொடைக்கானலில் இறந்து இடையன்குடியில் அடங்கினார். பேர்பெற்ற மனிதர் என்பதால் இதெல்லாம் நூலில் இருக்கிறது. பேரில்லாத சிப்பாய்க்கு யார் எழுதி வைத்தார்கள்?

டீச்சரம்மாவின் குடும்பம் கத்தோலிக்கம். அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளின் படங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. பல ஏடுகளில் பெயர்கள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அங்கே யாக்கோபஸ்; நம் தமிழ் வேதாகமத்திலும் யாக்கோபுதானே. தேடிப் பார்த்தால் அந்தப் பங்கில், அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில், ஒரே குடும்பப் பெயரோடு இரண்டு யாக்கோபஸ்! பாட்டனார் பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது அங்கேயும் வழக்கம். பேரன் என்ற சொல்லே அதைத்தானே சொல்கிறது.

இனி நிலக்கணக்குதான் கதி என்று ஆனது. 1823 முதல் 1837 வரை, ஆங்கிலிக்கன் சபைக்குக் கத்தோலிக்கரும் கட்டவேண்டியிருந்த தசமபாக வரிக்கு ஏடு எழுதினார்கள். 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் நாடு முழுவதும் நிலத்துக்கும் வீட்டுக்கும் மதிப்புப் போட்டார். நம்மூர் முறி மாதிரி அங்கே டவுன்லேண்ட்; ஏறத்தாழ 60,000 உண்டு. குடித்தனக்காரரின் பேர் மட்டுமே இதில் ஏறும். பெண்டு பிள்ளைகள் பேர் வராது. எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பின்வந்த திருத்த ஏடுகள். குடி மாறும்போது பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதுவார்கள். வருஷம் தெரிய வெவ்வேறு நிற மை. நம் வில்லேஜ் ஆபீஸ் போக்குவரவு போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு யாக்கோபஸில் ஒருவனுடைய அப்பாவுக்கு நிலம் இருந்தது. மற்றவனுடைய அப்பா பேர் எந்த ஏட்டிலும் இல்லை. டீச்சரம்மாவுக்கு நிலக்காரர் மகன்தான் தம் பாட்டனார் என்று ஆசை. எனக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றிருந்தது. ஆனால் திருத்த ஏட்டில் அந்த அப்பா பெயர் அடிபட்ட இடத்தில் ஜேம்ஸ் என்றே எழுதியிருந்தது. அப்பன் காணியை வாங்கிக்கொண்டு உழுதவன் அதே சமயத்தில் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கி தூக்கியிருக்க முடியாது. வேறொரு ஜேம்ஸாக இருக்கலாமே என்று வாதாடலாம். அந்த டவுன்லேண்டில் வேறு ஜேம்ஸ் இல்லை.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ எங்க ஆள் ஒண்ணும் இல்லாதவர். அதான் பட்டாளத்துக்கு வந்திருக்காரு," என்று பைபிளை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தப் பேச்சு என்னைச் சும்மா விடவில்லை. வந்தவாசிப் பக்கத்தில் நாற்பது காணியை விட்டுவிட்டு எங்கள் தாத்தா திருவனந்தபுரம் வந்தார் என்றுதான் எங்கள் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தாத்தா இங்கே கடை வாங்கிய ஆதாரத்தை எடுத்தேன். கொல்லம் ஆண்டு போட்டது. 825 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் கிடைக்கும், சில மாதங்களுக்கு 824. அதில் அவர் அப்பா பெயரும் பூர்வீக ஊரும் தெளிவாக இருந்தன. அந்தப் பெயரை எழுதிக்கொண்டு ஊருக்குப் போய்ப் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டை ஆதிமுதல் அந்தம்வரை பார்த்தேன். அந்தப் பேரில் ஒரு புஞ்சைகூட இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்த மலரில் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.