எந்திரக் கையும் ஒப்பீட்டுக் குழுவும்: பக்கவாத மறுவாழ்வு ஆய்வுகளின் வரலாறு (1989–2019)

பக்கவாதத்தால் செயலிழந்த கையை எந்திரத்தின் துணையோடு பயிற்றுவிக்கும் முறையின் வரலாற்றைக் கருவிகளின் வளர்ச்சியாக எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த எந்திரம் எதனோடு ஒப்பிடப்பட்டது என்னும் வினாவை முன்வைத்தால் வரலாறு வேறு வடிவம் கொள்கிறது. இக்கட்டுரை எம்.ஐ.டி.-மானுஸ் என்ற ஒரே எந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவ்வினாவைப் பின்தொடர்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நெவில் ஹோகனும், அப்போது முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த ஹெர்மானோ இகோ கிரெப்சும் 1989 முதல் இதனை உருவாக்கினர். ஆலை ரோபோக்கள் விறைப்பானவை. குறுக்கே வரும் கையைப் பொருட்படுத்தாமல் தம் பாதையில் செல்பவை. மானுஸோ நோயாளியின் கைக்கு இணங்கிக்கொடுக்குமாறு அமைக்கப்பட்டது. நோயாளி கைப்பிடியைப் பற்றித் திரையில் தெரியும் புள்ளியை நோக்கி நகர்த்துவார். இயலாதபோது மட்டும் எந்திரம் உதவும். 1985இல் ஹோகன் வெளியிட்ட கட்டுப்பாட்டுக் கோட்பாடே இதன் அடித்தளம்.

நியூயார்க் மாநிலத்தின் பர்க் மறுவாழ்வு மருத்துவமனையில் 20 நோயாளிகளிடம் நடந்த முதல் ஆய்வு 1997இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை இரு குழுக்களுக்கும் பொது. ஒரு குழுவுக்கு மட்டும் வாரத்தில் நான்கைந்து மணி நேரம் எந்திரப் பயிற்சி கூடுதலாகக் கிடைத்தது. மற்றதற்குப் பெயரளவிலான தொடர்பே இருந்தது. பயிற்சி பெற்றவர்களின் தோளும் முழங்கையும் மேம்பட்டன. எந்திரம் தீங்கு செய்யவில்லை என்பதும் உறுதியாயிற்று. எனினும், பயன் விளைந்தது எந்திரத்தாலா, கூடுதல் பயிற்சியாலா என்பதை இவ்வடிவமைப்பால் பிரித்தறிய இயலாது. முதல் முயற்சியில் இதனைக் குறையாகச் சொல்வது நியாயமன்று.

பயிற்சியின் அளவு ஏன் முக்கியம் என்பதைக் கேத்தரின் லாங் குழுவினரின் 2009ஆம் ஆண்டுக் கள ஆய்வு காட்டியது. கைப்பயிற்சி இடம்பெற்ற அமர்வுகளில் பயன்சார்ந்த அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே. எந்திரமோ ஓர் அமர்வில் ஏறத்தாழ ஆயிரம் அசைவுகளைச் செய்விக்கவல்லது.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 127 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு, இந்த இடத்தில்தான் திருப்புமுனையாகிறது. பக்கவாதம் கண்டு ஆறு மாதங்களேனும் கடந்தவர்களே இதில் சேர்க்கப்பட்டனர். எந்திரப் பயிற்சி, வழக்கமான கவனிப்பு ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு குழு அமைக்கப்பட்டது: எந்திரப் பயிற்சிக்கு நிகரான தீவிரத்தில் சிகிச்சையாளரே தம் கைகளால் அளிக்கும் பயிற்சி. 12 வாரங்களில் 36 அமர்வுகள். முடிவில், 66 புள்ளிகள் கொண்ட ஃபூகல்-மேயர் அளவீட்டில் எந்திரக் குழு வழக்கமான குழுவைவிட 2.17 புள்ளிகள் முன்னே நின்றது. புள்ளியியல் நோக்கில் அது போதுமானதாக இல்லை. சிகிச்சையாளர் குழுவோடு ஒப்பிட்டால் வேறுபாடு 0.14 புள்ளி மட்டுமே, அதுவும் எந்திரத்துக்குப் பாதகமாக. 36ஆம் வாரத்தில் வழக்கமான குழுவைவிட எந்திரக் குழு தெளிவாக மேம்பட்டிருந்தது.

இம்முடிவை எந்திரத்தின் தோல்வியாக வாசிப்பது அவசரமாகும் என்பது என் கருத்து. மூன்றாவது குழுவின் சிகிச்சை எந்த மருத்துவமனையிலும் நடைமுறையில் இருந்ததன்று. எந்திரத்தோடு ஒப்பிடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. மனிதக் கைகளால் எவ்வளவு செய்ய இயலும் என்பதை, எந்திரத்தை அளக்கப் புகுந்த ஆய்வே வெளிக்கொணர்ந்தது.

2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் பங்கேற்றோர் 770 பேர். எந்திரக் குழுவில் 44 விழுக்காட்டினரும், சிகிச்சையாளர் அளித்த மேம்பட்ட பயிற்சிக் குழுவில் 50 விழுக்காட்டினரும், வழக்கமான குழுவில் 42 விழுக்காட்டினரும் கைச்செயல்திறனில் வெற்றி எல்லையை எட்டினர். வேறுபாடுகள் புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. வழக்கமான சிகிச்சையைவிட எந்திரப் பயிற்சி கையின் இயக்கக் குறைபாட்டைக் குறைத்தது. அன்றாடச் செயல்களில் அந்த மாற்றம் புலப்படவில்லை. நோயாளி தாமே தேர்ந்த அன்றாட வேலைகளைத் திரும்பத்திரும்பச் செய்வித்த மேம்பட்ட பயிற்சியில் அது புலப்பட்டது.